உடற்பருமனும் நீரிழிவும்

நம் மக்கள் பேச்சுவழக்கில் 'சலரோகம்' என்றும் 'சீனி வருத்தம்' என்றும் வழங்கும் நோயை நூல்வழக்கில் நீரிழிவு என்பர். வடமொழி மருத்துவ நூலார் இதனை மதுமேகம் என்றனர். நோயாளியின் சிறுநீர் தேனைப்போல இனிப்புடையதாதல் இப்பெயர்க்குக் காரணம். மதுமேகத்தைத் தன்னுள் அடக்கிய பிரமேக நோய்களைப் பற்றிக் கூறுமிடத்துச் சரக சங்கிதை நோயாளரைப் பருத்தவர், மெலிந்தவர் என இருபாலாராக வகுக்கின்றது. முன்னவர்க்கு உடலைக் குறைக்கும் முறையையும், பின்னவர்க்கு உடலைப் பேணி வளர்க்கும் முறையையும் விதிக்கின்றது. நோய் ஒன்றாயினும் நோயாளர் ஒரே தன்மையர் அல்லர் என்பதை நம் முன்னோர் கண்டிருந்தனர்.

பருமனுக்கும் நீரிழிவுக்கும் தொடர்புண்டு என்பது இன்று யாவரும் அறிந்த செய்தி. ஆயின் அத்தொடர்பு எத்தகையது என்று வினவின் விடை கூறுவார் சிலரே. உடலிற் கொழுப்பு மிகுதலாற் குருதியிற் சீனி மிகுவதேன்? கொழுப்பு வேறு, சீனி வேறு அல்லவா? இவ்வினாவுக்கு விடை அறியாமையால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. "நான் மெலிந்தவன்; இவ்வருத்தம் எனக்கு வராது" என்று வாளாவிருப்பார் ஒருசாரார். 'ஒட்சியேற்றத்தைத் தடுப்பது' என விளம்பரம் செய்யப்படும் குளிசைகளை வாங்கி விழுங்கிவிட்டு, உணவையும் உழைப்பையும் பற்றிக் கவலையற்றிருப்பார் மற்றொரு சாரார்.

யான் மருத்துவன் அல்லேன். கலைப்பட்டதாரியாகிய ஓர் ஆசிரியன். எனினும் இப்பொருளை நாடிக் கற்பதற்கு எனக்கொரு காரணம் உண்டு. என் தந்தையாரும் ஆசிரியராய் இருந்தவர். முப்பது ஆண்டுகள் மிதிவண்டியிற் பாடசாலைக்குச் சென்றுவந்தார். ஓய்வு பெற்றபின் சாய்மனைக் கதிரையும் செய்தித்தாளும் அவர்க்குத் துணையாயின. கையும் காலும் முன்போலவே மெலிந்திருந்தன. வயிறு மாத்திரம் சற்று முன்தள்ளியது. 'மெலிந்த மனிதர்க்குச் சீனி வருத்தம் வராது' என்று வீட்டார் அனைவரும் நம்பியிருந்தோம். காலிற்பட்ட சிறு புண் மூன்று மாதமாகியும் ஆறாதபோதுதான் குருதி சோதிக்கப்பட்டது. அவர் தம் வலக் காலின் ஒரு பகுதியை இழந்தார். எங்கள் அறியாமைக்கு அவர் செலுத்திய விலை அது. அவ்வறியாமையைச் சிறிதேனும் அகற்றுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்சுலினின் தொழில்

உடல்நலமுள்ள ஒருவரின் குருதியில், உணவு கொள்ளாத காலை வேளையில், 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோசு இருக்கும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி உண்டு. கணக்கிட்டுப் பார்ப்பின், அக்குருதி முழுவதிலும் உள்ள சீனி ஒரு தேக்கரண்டியளவே என்பது புலப்படும். நாம் ஒருவேளை உண்ணும் சோற்றில் இதனைப்போலப் பதின்மடங்குக்கும் மேலான மாப்பொருள் உளது. அத்துணைச் சீனியும் குருதியுள் நுழைந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் மீண்டும் அந்த ஒரு தேக்கரண்டி அளவுக்கு வந்துவிடுதல் வியப்பிற்குரியதன்றோ? இவ்வொழுங்கைப் பேணும் ஓமோனே இன்சுலின்.

இரைப்பைக்குப் பின்னால் அமைந்த சதையி என்னும் சுரப்பியிலே தீவுகள்போலச் சிதறிக்கிடக்கும் கலக்கூட்டங்கள் உள. அவற்றிலுள்ள பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. 1889ஆம் ஆண்டில் ஸ்ராஸ்பேர்க் நகரில் வொன் மெறிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. 1921இல் ரொறொன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் சதையியின் சாற்றிலிருந்து நோயைத் தணிக்கும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் அது முதன்முறையாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. இன்சுலின் இன்மையே நீரிழிவு என்று உலகம் அப்போது முடிவு செய்தது.

அம்முடிவு முழு உண்மையன்று. 1936இல் இலண்டனைச் சேர்ந்த ஹிம்ஸ்வேர்த் என்னும் மருத்துவர், நீரிழிவு நோயாளர் சிலரின் உடல் இன்சுலினுக்கு இணங்குவதையும், வேறு சிலரின் உடல் இணங்காதிருப்பதையும் எடுத்துக்காட்டினார். 1960இல் அமெரிக்க நாட்டு யாலோ, பேர்சன் ஆகிய இருவரும் குருதியிலுள்ள நுண்ணளவான இன்சுலினையும் அளக்கும் முறையொன்றை வகுத்து வெளியிட்டனர். அம்முறையாற் சோதித்தபோது, நடுவயதில் நோயுற்ற பலரின் குருதியில் இன்சுலின் இல்லாமற் போகவில்லை. உடல்நலமுள்ளவரிலும் மிகுதியாகக்கூட இருந்தது! சாவி இருந்தும் பூட்டுத் திறக்கவில்லை. இந்நிலையையே இன்சுலின் எதிர்ப்பு என்பர். இளமையிற் பீற்றாக் கலங்கள் அழிவதனால் வருவது முதலாம் வகை நீரிழிவு. இன்சுலின் எதிர்ப்பிற் பெரும்பாலும் தொடங்கிப் பீற்றாக் கலங்களின் தளர்ச்சியில் முடிவது இரண்டாம் வகை. நீரிழிவு நோயாளரிற் பத்தில் ஒன்பதின்மர் இரண்டாம் வகையினரே. ஈண்டு நாம் ஆராய்வதும் அதுவே.

கொழுப்பின் இருப்பிடம்

கொழுப்பு உடலுக்குப் பகையன்று. ஒரு கிராம் மாப்பொருள் ஏறக்குறைய 4 கிலோகலோரி வெப்பந் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 தரும். ஆகவே குறைந்த இடத்தில் மிகுந்த எரிபொருளைச் சேமிக்க இயற்கை கொழுப்பைத் தெரிந்துகொண்டது. தோலின் கீழுள்ள கொழுப்பிழையம் உடலின் நெற்களஞ்சியம். உண்டபோது நிரப்பி, உண்ணாதபோது எடுத்து வழங்குதல் அதன் தொழில்.

களஞ்சியத்தின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர்க்கு அது மிகப் பெரிது; அவர்கள் மிகப் பருத்திருந்தும் நீரிழிவின்றி வாழ்வதுண்டு. சிலர்க்கு அது சிறிது, விரைவில் நிரம்பிவிடும். நிரம்பிய களஞ்சியத்தில் மேலும் நெல்லைக் கொட்டினால் அது முற்றத்திற் சிந்தி, வீட்டின் உள்ளறைகளிலும் குவியும். அதுபோல, தோலின் கீழ் இடம்பெறாத கொழுப்பு வயிற்றறையினுள் குடலைச் சூழ்ந்து படிகின்றது; பின்னர் ஈரலிலும் தசைகளிலும் சதையியிலும் புகுகின்றது. நோய்க்கு வித்தாவது இவ்வாறு இடமல்லா இடத்திற் புகுந்த கொழுப்பேயாம்.

இதனால் நேருங் கேடு மூவகைத்து. முதலாவது, எரிபொருட் போட்டி. வயிற்றறைக் கொழுப்பிலிருந்து கொழுப்பமிலங்கள் ஓயாது வெளியேறி ஈரலை அடைகின்றன. கொழுப்பமிலமும் குளுக்கோசும் எரிபொருள்கள். ஒன்று மிகுந்தால் மற்றொன்று ஒதுக்கப்படும் என்பதை 1963இல் பிரித்தானிய அறிஞர் றான்டிலும் அவருடன் உழைத்தோரும் விளக்கினர். கொழுப்பமிலத்தை எரிக்கும் தசை குளுக்கோசை ஏற்க மறுக்கின்றது. கொழுப்பேறிய ஈரலோ இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாயாது, வேண்டாத வேளையிலும் குளுக்கோசை ஆக்கிக் குருதியிற் சேர்க்கின்றது. இரவு முழுதும் ஒன்றும் உண்ணாதவரின் குருதியிற் காலையிற் சீனி மிகுந்திருப்பதற்கு இதுவே பெருங் காரணம்.

இரண்டாவது, அழற்சி. அளவுக்கு மிஞ்சிப் பருத்த கொழுப்புக் கலங்கள் நலிவுறுகின்றன. அவற்றைச் சூழ்ந்து, நோயெதிர்ப்புக்குரிய விழுங்கிக் கலங்கள் வந்து கூடுகின்றன. கிருமி புகாத இடத்திலே கிருமி புகுந்தாற்போன்ற சிறு போர் ஓயாது நிகழ்கின்றது. அப்போரில் வெளிப்படும் பொருள்களுள் ஒன்று இன்சுலினின் செயலைத் தடுப்பதை 1993இல் ஹொற்றமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலியோர் எலிகளிற் கண்டனர். கொழுப்பிழையம் வாளாகிடக்கும் பொருளன்று, உடல் முழுவதற்கும் செய்தி அனுப்பும் உறுப்பு என்னுங் கருத்து அக்கண்டுபிடிப்பின்பின் வலுப்பெற்றது.

மூன்றாவது, ஒட்சியேற்றத் தகைப்பு. முன்னைய இரண்டையும் பிணைத்து நிற்பதும், பலரால் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவதும் இதுவேயாதலின் இதனை விரித்துக் கூறுவாம்.

ஒட்சியேற்றத் தகைப்பு

உடலின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் இழைமணிகள் என்னும் நுண்ணிய உலைகள் உள. உணவிலிருந்து பெறப்படும் இலத்திரன்கள் அங்கே படிப்படியாகக் கைமாறிச் சென்று, ஈற்றில் நாம் மூச்சினால் உள்வாங்கிய ஒட்சிசனைச் சேர, நீர் உண்டாகின்றது. இவ்வோட்டத்தில் வெளிப்படும் சத்தியினால் அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் பொருள் ஆக்கப்படுகின்றது. கலத்தின் வேலைகளுக்கெல்லாம் செலவாகும் நாணயம் அதுவே.

வேலை நடந்தால் நாணயம் செலவாகும். செலவானால் மேலும் ஆக்கப்படும். இலத்திரன் ஓட்டம் தடையின்றி நிகழும். உழைப்பு இல்லாதபோது நாணயம் செலவாவதில்லை. அந்நிலையிலும் எரிபொருள் வந்துகொண்டேயிருந்தால் என்ன நிகழும்? மாரிகாலத்துக் குளத்தை நினைவுகூர்க. வாய்க்கால் திறந்திருக்குமளவும் எவ்வளவு நீர் வரினும் வயலுக்குப் பாயும். வாய்க்காலை அடைத்துவிட்டால் நீர் மட்டம் உயர்ந்து அணைக்கட்டிற் கசிவு தோன்றும். அதுபோல, இழைமணியில் தேங்கிய இலத்திரன்கள் இடைவழியிற் கசிந்து ஒட்சிசனை அடைகின்றன. முறைப்படி நான்கு இலத்திரன்களை ஏற்று நீராக வேண்டிய ஒட்சிசன் மூலக்கூறு, ஒற்றை இலத்திரனை ஏற்றுச் சுப்பரொட்சைட்டு என்னும் தாக்குதிறன் மிக்க மூலிகமாகின்றது. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டும், அதனினுங் கொடிய பிற பொருள்களும் தோன்றுகின்றன. இவை தாம் எதிர்ப்பட்ட புரதத்தையும் கொழுப்பையும் பரம்பரையலகுப் பொருளையும் தாக்கவல்லன.

இயற்கை இதற்குக் காவலும் வைத்துளது. சுப்பரொட்சைட்டை மாற்றும் நொதியமொன்றை 1969இல் மக்கோட், பிரிடோவிச் என்போர் கண்டறிந்தனர். பேரொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் கற்றலேசு முதலிய பிற நொதியங்களும் உள. தாக்கும் பொருளும் காக்கும் நொதியமும் ஒத்து நிற்குமளவும் கேடில்லை. தாக்குவன மிகுந்து காப்பன போதாத நிலையே ஒட்சியேற்றத் தகைப்பு எனப்படும். பாரந் தாங்கும் வளை தன் வலுவுக்கு மேற்பட்ட சுமை ஏறியவிடத்து நெளிவது போன்றது அது.

இத்தகைப்பு இன்சுலினை எவ்வாறு தடுக்கின்றது? இன்சுலின் கலத்தினுட் புகுவதில்லை. கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கி என்னும் புரதத்தைத் தொட்டு நின்றுவிடுகின்றது. அவ்விடத்திலிருந்து செய்தி புரதத்துக்குப் புரதமாக உள்ளே கைமாறிச் செல்ல, ஈற்றிற் குளுக்கோசைக் காவிவரும் புரதங்கள் கலத்தின் ஓரத்துக்கு எழுந்து வந்து வாயிலைத் திறக்கின்றன. ஒட்சியேற்றத் தகைப்பினால் விழிப்படையும் சில நொதியங்கள் அத்தொடரின் இடையிலுள்ள புரதமொன்றிற் பொருந்தா இடத்திலே பொசுபேற்றை இணைத்துவிடுகின்றன. செய்தி அவ்விடத்தில் தளர்கின்றது. இன்சுலின் வாயிலிற் கூவினாலும் உள்ளிருப்பார் காதில் விழுவதில்லை.

2006இல் அமெரிக்க அறிஞர் ஹூஸ்ரிஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு பொருள்களாற் கலங்களில் இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்கிய அவர்கள், அவ்விரண்டிலும் ஒட்சிசனின் தாக்கு பொருள்கள் முன்னரே பெருகுவதைக் கண்டனர். அப்பொருள்களைக் குறைத்தபோது எதிர்ப்பும் குறைந்தது. பருத்த எலிகளிலும் அவ்வாறே பயன் கிட்டியது. எனவே தகைப்பு நோயின் விளைவு மாத்திரமன்று, காரணங்களுள் ஒன்றுமாம் என்பது பெறப்படும். ஆயினும் அது ஒன்றே காரணம் எனக் கொள்ளல் தகாது. பரம்பரையும், கொழுப்பின் பிற செயல்களும், முதுமையும் உடன் நிற்கின்றன.

பீற்றாக் கலங்களின் தளர்ச்சி

இன்சுலின் எதிர்ப்பு உண்டானவுடனே நீரிழிவு தோன்றுவதில்லை. பீற்றாக் கலங்கள் இருமடங்கு, மும்மடங்கு இன்சுலினைச் சுரந்து பல ஆண்டுகள் ஈடுகொடுக்கின்றன. அவ்வாண்டுகளிற் சோதனையிற் சீனி சரியாகவே இருக்கலாம். வெளியே அமைதி, உள்ளே கடும் உழைப்பு. அவ்வுழைப்புத் தளரும் நாளிலேதான் குருதியிற் சீனி உயர்கின்றது.

இக்கலங்கள் தளர்வதேன்? குளுக்கோசின் அளவை அறிந்து சுரத்தல் இவற்றின் கடமையாதலால், குருதியில் எவ்வளவு குளுக்கோசு உண்டோ அவ்வளவையும் உள்ளே விட்டு எரித்துப் பார்த்தல் இவற்றின் இயல்பு. தசை தன் வாயிலை அடைத்துக்கொள்ளலாம். பீற்றாக் கலத்துக்கு அவ்வுரிமை இல்லை. அவ்வாறிருந்தும், பேரொட்சைட்டை அழிக்கும் கற்றலேசு முதலிய நொதியங்கள் எலிகளின் பீற்றாக் கலங்களில் ஈரலோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவாக இருப்பதை 1996இல் யேர்மானிய அறிஞர் லென்சனும் பிறரும் காட்டினர். அதிக நெருப்புக்கு ஆளாகும் வீட்டுக்கே நீர்க்குடம் குறைவு.

இதனின்று ஒரு தீய வட்டம் பிறக்கின்றது. சீனி உயர்ந்தாற் பீற்றாக் கலத்திற் தகைப்பு மிகும். தகைப்பு மிகுந்தால் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தாற் சீனி மேலும் உயரும். கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றிலுள்ள சில கலங்களும் சீனி நுழைவதைத் தடுக்க இயலாதவை. உயர்ந்த சீனி அவற்றின் இழைமணிகளில் சுப்பரொட்சைட்டைப் பெருக்கி, அதன்வழியாற் பலவகைக் கேடுகளையும் ஒருங்கே விளைவிக்கின்றது என்னுங் கருத்தை 2001இல் பிரௌன்லீ என்பார் முறைப்பட எடுத்துரைத்தார். என் தந்தையாரின் பாதம் முள் தைத்ததை உணராமற்போனதும் நரம்பிலுற்ற அக்கேட்டினாலேயாகும்.

பிரித்தானியாவில் நிகழ்ந்த நெடுங்கால ஆய்வொன்று 1990களிற் காட்டிய உண்மை நெஞ்சில் நிறுத்தத்தக்கது. நோய் இன்னதெனக் கண்டறியப்படும் நாளிலேயே பீற்றாக் கலங்களின் தொழிற்றிறனில் ஏறத்தாழப் பாதி போய்விடுகின்றது என்பதே அது. நாம் நோயின் தொடக்கமென எண்ணும் நாள், உண்மையில் நெடுங்கதையொன்றின் நடுப்பகுதி.

மெலிந்தாரிடத்துப் பருமன்

இனி, மெலிந்தவர்க்கு இந்நோய் வருவதேன் என்பதை ஆராய்வாம். உடல் நிறையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கத்தாற் பிரித்துப் பெறும் எண்ணை உடற்றிணிவுச் சுட்டி என்பர். பொதுவாக 25க்கு மேற்பட்டால் நிறை மிகுதி என்றும், 30க்கு மேற்பட்டாற் பருமன் என்றும் கொள்வர். இவ்வெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மக்களை நோக்கி வகுக்கப்பட்டவை. ஆசிய மக்களுக்கு 23லேயே எச்சரிக்கை கொள்ளவேண்டும் என்றும், 27.5இல் இடர் மிகுதி என்றும் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு கருத்துரைத்தது.

இதனை விளக்கச் சுவையான சான்றொன்று உண்டு. புனே நகரத்து மருத்துவ அறிஞர் யாஜ்னிக் என்பாரும் இலண்டன் அறிஞர் யூட்கின் என்பாரும் அருகருகே நின்று எடுத்த படமொன்று 2004இல் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. இருவர்க்கும் உடற்றிணிவுச் சுட்டி ஒன்றே, 22.3. ஆயின் யூட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 வீதம்! தராசுக்கு இருவரும் ஒருவரே. ஈரலுக்கும் தசைக்கும் அவ்வாறல்லர். தென்னாசிய மக்களுக்குத் தசை குறைவு. தோலின் கீழுள்ள களஞ்சியமும் சிறிது. ஆதலால் சிறிது மிகையும் விரைவில் வயிற்றறைக்கும் ஈரலுக்கும் சிந்திவிடுகின்றது. மெலிந்தவராய்த் தோன்றும் நம்மிற் பலர் உள்ளே பருத்தவர்.

ஆகவே நமக்குத் தராசினும் அளவுநாடா சிறந்த துணை. தென்னாசிய ஆடவர்க்கு இடையின் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றருக்கும் குறைந்திருத்தல் வேண்டும் என்பது 2005இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்த அளவு. 2005-06ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடாத்தப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 வீதத்தினர் நீரிழிவுடையர் எனவும், அவருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் உண்டென்பதையே முன்னர் அறியாதவர் எனவும் கண்டது. எங்கள் வீட்டில் நிகழ்ந்தது எங்கள் வீட்டில் மாத்திரம் நிகழ்ந்ததன்று.

குளிசையும் நடையும்

ஒட்சியேற்றத் தகைப்பு நோய்க்குக் காரணமாயின், அதனைத் தடுக்கும் விற்றமின்களை விழுங்கினால் நோய் வராதன்றோ என்று வினவுதல் இயல்பே. வினா நன்று, ஆயின் அனுபவம் தந்த விடை வேறு. அமெரிக்காவில் 45 வயதுக்கு மேற்பட்ட 38,716 பெண்களிடத்துப் பத்தாண்டு நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. விற்றமின் ஈ உட்கொண்டவர்க்கும் வெறுங் குளிசை உட்கொண்டவர்க்கும் நீரிழிவு ஒரே அளவிலேதான் வந்தது. எலியிற் கண்ட பயன் மனிதரிற் கிட்டவில்லை.

2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. யேர்மனியில் ஏறக்குறைய 40 இளைஞர் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தனர். அவருட் பாதிப்பேர்க்கு விற்றமின் சீ, விற்றமின் ஈ ஆகியன மிகுதியாகக் கொடுக்கப்பட்டன. குளிசை உண்ணாதவர்க்குப் பயிற்சியினால் இன்சுலினின் செயல் சிறந்தது. உண்டவர்க்கு அப்பயன் கிட்டவில்லை! பிற்கால ஆய்வுகள் யாவும் இம்முடிவை ஒருமுகமாக உறுதி செய்தன அல்ல. எனினும் இதிலடங்கிய கருத்துச் சிந்திக்கத்தக்கது. உழைக்கும் தசையிலும் தாக்கு பொருள்கள் சிறிது நேரம் தோன்றுகின்றன. அவை அங்கே பகையல்ல; 'காவலைப் பெருக்குக' என்று கலத்துக்கு உரைக்குந் தூதுவர். தூதனை வாயிலிலே கொன்றுவிட்டாற் செய்தி எவ்வாறு உள்ளே செல்லும்? ஓயாத மிகையுணவால் வரும் தகைப்பு வேறு. உழைப்பால் வந்து உடனே நீங்கும் தகைப்பு வேறு. முன்னது அணையைக் கரைக்கும். பின்னது அணையைப் பலப்படுத்தும்.

குளத்தின் கசிவை நிறுத்த இரண்டு வழிகளே உள: வரத்தைக் குறைத்தல், வாய்க்காலைத் திறத்தல். முன்னது உணவு, பின்னது உழைப்பு. இவற்றின் பயன் ஐயமற நிறுவப்பட்டுளது. நோயின் வாயிலில் நின்ற 3,234 பேரிடத்து நிகழ்ந்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல் நிறையில் நூற்றுக்கு 7 வீதத்தைக் குறைத்தலும் வாரத்துக்கு 150 நிமிடம் நடத்தலும் இலக்காகக் கொள்ளப்பட்டன. நோய் தோன்றும் வீதம் 58 சதவீதம் குறைந்தது. மெற்போமின் என்னும் மருந்து உண்டவரிடத்துக் குறைவு 31 சதவீதமே. 2006இல் வெளிவந்த சென்னை ஆய்வில் உணவும் நடையும் நோயை 28.5 சதவீதம் குறைத்தன. அங்கு உடல் நிறை பெரிதுங் குறையாதிருந்தும் பயன் கிட்டியமை நம்மவர்க்கு ஊக்கந் தருவதாகும். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் ஏவலின்றியே குளுக்கோசின் வாயில்கள் திறக்கின்றன என்பதை நினைவிற்கொள்க.

நோய் வந்தபின்னும் முற்றிலும் காலங் கடந்துவிடுவதில்லை. ஸ்கொத்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 306 நோயாளரிடத்து நிகழ்ந்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. நோய் கண்டு ஆறாண்டு கடவாத அவருள் ஒருபாதியினர்க்கு, மருத்துவர் மேற்பார்வையில், சில மாதம் மிகக் குறைந்த உணவே வழங்கப்பட்டது. ஓராண்டின் முடிவில் அப்பாதியினரில் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே சீனியைப் பெற்றனர். 15 கிலோகிராமும் அதற்கு மேலும் இளைத்தவரில் 86 சதவீதத்தினர் அந்நிலையை அடைந்தனர். ஈரலிலும் சதையியிலும் புகுந்த கொழுப்பு வெளியேற, தளர்ந்திருந்த பீற்றாக் கலங்கள் மீண்டுந் தொழில் புரிந்தன. பின்னர் மீளப் பருத்தவரிடத்து நோயும் மீண்டது. மருந்து உண்பவர் மருத்துவரைக் கேளாது இத்தகைய பட்டினியை மேற்கொள்ளல் ஆபத்தாகும் என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் என் கடன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின்: பருமன் என்பது தோற்றத்தைப் பற்றியதன்று, இடமல்லா இடத்திற் புகுந்த கொழுப்பைப் பற்றியது. அக்கொழுப்பும், செலவாகாத எரிபொருளும் ஒட்சியேற்றத் தகைப்பை விளைக்கின்றன. அத்தகைப்பு இன்சுலினின் செய்தியைத் தடுத்து, அதனைச் சுரக்கும் கலங்களையும் நலிவிக்கின்றது. ஆகவே மாற்று, மிகையை நீக்குதலேயன்றி மிகையின் மேலே மற்றொரு குளிசையை ஏற்றுதல் அன்று. திருவள்ளுவர் 'மருந்து' எனப் பெயரிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதியும் உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றமை ஈண்டு எண்ணத்தக்கது.

ஆசிரியர் தொழில் இருந்தே செய்யுந் தொழிலாய் மாறிவருகின்றது. முன்னையோர் நடந்தோ மிதிவண்டியிலோ வந்தனர். நாம் மோட்டார் சைக்கிளில் வருகின்றோம். இடைவேளை தோறும் சீனி கலந்த தேநீர். மாலையிற் கதிரையும் விடைத்தாள்களும். மாணவர்களோ பரீட்சைக்கென விளையாட்டு மைதானத்தைத் துறந்து தனியார் வகுப்புகளிற் பொழுதைக் கழிக்கின்றனர். அவர்தம் பீற்றாக் கலங்கள் இன்னும் முப்பது ஆண்டு உழைக்கவேண்டியவை என்பதை நாம் அவர்க்கு எடுத்துரைக்கவேண்டாவா?

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய அன்று, தையற்பெட்டியிலிருந்த அளவுநாடாவை எடுத்து என் இடையை அளந்தேன். 94 சென்ரிமீற்றர். என்னைப் பார்ப்பவர் எவரும் பருத்தவன் என்று கூறார். மறுநாட் காலையில் வெறுவயிற்றுடன் சென்று குருதி சோதிப்பித்தேன், 112 மில்லிகிராம். நோய் எனக் கூறும் எல்லை 126. நலம் எனக் கூறும் எல்லை 100. தந்தையாரின் மிதிவண்டி எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திற் பல ஆண்டுகளாகச் சாத்திவைக்கப்பட்டிருந்தது. அதற்குப் புதிய டயர் பூட்டியுள்ளேன். நாற்பது வயதைக் கடந்த என் உடனாசிரியர்களும் பழைய மாணவர்களும் தத்தம் வீட்டு அளவுநாடாவை ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.